ஓர் உலை, ஆறு கூரை

புயல் போன பிறகு பர்மாவின் தொழிற்சாலைப் புறநகரான லைங் தாயாவில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்தே பேசினார்கள். கூரை போனவனுக்குக் கண் வேறு எங்கே போகும்? வைகாசி பிறந்துவிட்டது. பெருமழை இனிமேல்தான்.

வாய்க்கால் ஓரமாக ஒட்டி ஒட்டி நின்ற ஆறு தமிழ் வீடுகளில் ஒன்றுக்குக்கூட முழுக் கூரை கிடையாது. மூங்கில் பாய்ச் சுவர்கள் எப்படியோ தாக்குப் பிடித்துவிட்டன. மேலே இருந்த ஓலைதான் பறந்துபோய் யார் வீட்டு முருங்கையிலோ தொங்கியது. கோணி, பழைய லுங்கி, கடை விளம்பரத் துணி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் இழுத்துக் கட்டிவிட்டு, அதற்குக் கீழே படுத்து, மூக்கில் சொட்டினால் புரண்டு படுத்தார்கள்.

அந்த வரிசையில் முதல் வீடு பவுனம்மாளுடையது. சித்தாள் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகள் கௌரி தையல் தொழிற்சாலைக்குப் போகிறாள். அன்றைக்கு பவுனம்மாள் நகரத்துக்குள் கியாக்டடாவில் ஒரு பழைய கட்டடத்தின் உடைந்த ஓடும் கண்ணாடியும் சுமந்து இறக்கிவிட்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி, இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். வாய்க்கால் பலகையைத் தாண்டுவதற்குள் ஜெயம்மா ஓடிவந்தாள். ஜெயம்மா வேலை பார்த்த தொழிற்சாலை புயலில் மூடிக் கிடந்தது. அதனால் அந்த வாரம் சமையலும் ஊர்வம்பும் அவள் பொறுப்பு.

"அக்கா, கணக்கெடுக்க வந்தாங்கக்கா!"

"எந்தக் கணக்கு?"

"நிவாரணம் குடுக்கிறவங்க. ம சந்தான்னு ஒரு பர்மாக்காரப் பொண்ணு. எத்தனை பேரு, என்ன வயசு, என்ன வேலை, எங்கேர்ந்து வந்தீங்க, தண்ணி எங்க எடுக்கிறீங்க, எல்லாம் கேட்டுச்சு. குடும்பத்துக்கு ஒரு கட்டுத் தகரமாம். புதுத் தகரம்!"

"நீ என்ன சொன்னே?"

"உள்ளதைத்தான் சொன்னேன். எத்தனை உலை வைக்கிறீங்கன்னு கேட்டுச்சு. ஒரே உலைதான், எங்களுக்குள்ள உன்னுது என்னுது கிடையாதுன்னு சொன்னேன். சோறு போட்டு அனுப்பினேன். ஙப்பிக் கருவாட்டுக் குழம்பை விட்டு எந்திரிக்கவே மனசில்லை அதுக்கு."

சொல்லும்போது ஜெயம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. பவுனம்மாளுக்கும் அது தப்பாகப் படவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

அந்த ஒரே உலை கட்டட வேலையில் பிறந்தது. இந்தத் தொழிற்சாலைகள் எழும்பிய காலத்தில், கொத்தனார் மரியஜோசப்பின் கீழே வேலை செய்தவர்கள் கொட்டகை போட்டுத் தங்கியபோது ஒரு பெரிய அண்டாவில்தான் எல்லாருக்கும் சோறு. கட்டடம் முடிந்தது, கொட்டகை வீடானது, அண்டா அண்டாவாகவே இருந்தது. விடியுமுன் ஆள் ஏற்றிப் போகத் தொழிற்சாலை ஃபெரி பஸ் வந்து நிற்கும். ஆறு வீட்டில் ஆறு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தால் ஒருத்தியும் ஏற முடியாது. வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர் பொங்குவது, மற்றவர் தூக்குச் சட்டியில் வாங்கிக்கொண்டு ஓடுவது. பீர் முகைதீன், பரீதா தம்பதிக்காகப் பன்றிக்கறி அந்த அண்டா பக்கமே வராது. பவுனம்மாள் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டாள் என்பதால் அன்றைக்குப் பருப்பு. இதெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததல்ல. அப்படியே படிந்துவிட்டது.

மறுநாள் காலையில் புத்த மடத்து மண்டபச் சுவரில் பெயர்களை ஒட்டியிருந்தார்கள். கௌரி பர்மிய எழுத்து படிப்பாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, நம்ம வரிசை முழுக்க ஒரே குடும்பம்னு போட்டிருக்கு. தலைவர் மரியஜோசப். ஒரு கட்டுதான்."

பவுனம்மாள் பஸ்ஸுக்குப் போகவில்லை. மண்டபத்துக்குள் போனாள்.

ம சந்தா சின்னப் பெண். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்து அப்பியிருந்தாள், காலில் முழங்கால் வரை சேறு. தூக்கம் இல்லாத கண். பவுனம்மாள் பர்மியத்தில்தான் பேசினாள். பத்து வயதிலிருந்து பேசுகிற மொழி.

"தமீ, மகளே, நாங்க ஆறு குடும்பம். ஒண்ணுன்னு போட்டிருக்கியே?"

"ஒரே பானையில் சாப்பிடுறவங்க ஒரு குடும்பம், டோ பவுன். விதி அப்படித்தான்." பெரியவளுக்கு டோ, இளையவளுக்கு ம என்று பேருக்கு முன்னால் போடுவது பர்மிய மரியாதை.

"மழை பானையிலயா பெய்யுது? கூரையிலதானே பெய்யுது. கூரையை எண்ணு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "கூரையை எண்ணித்தான் முதல்ல ஆரம்பிச்சோம். பக்கத்து வட்டாரத்துல ஒரு வீட்டை நாலு திரையால தடுத்து நாலு குடும்பம்னு வாங்கிட்டாங்க. கடைசியில புயல்ல ஊரே போயி டெல்டாவுலேர்ந்து கையும் புள்ளையுமா வந்தவங்களுக்குத் தகரம் இல்லை. அதுக்கப்புறம்தான் பானையை எண்ணச் சொன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இருந்தது.

"நாளைக்கு மறுபடி பார்க்க வருவேன்," என்றாள் சந்தா. "அதோட கணக்கை முடிச்சு அனுப்பிடுவோம். அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்லை."

அன்று மாலை அண்டாவைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். ஜெயம்மா முகம் கறுத்து உட்கார்ந்திருந்தாள்.

"என் வாயாலதானே கெட்டுது. நானே சரி பண்றேன். வீட்டுக்கு ஒரு மண் அடுப்பு வச்சிருவோம். வந்து பார்க்கட்டும். ஆறு அடுப்பு, ஆறு குடும்பம்."

"சபாஷ்," என்றார் மரியஜோசப் உள்ளிருந்தபடியே. புயலன்று உத்தரம் விழுந்து கால் முறிந்ததிலிருந்து அவர் படுத்த படுக்கை. பவுனம்மாள் வீட்டை அடுத்த வீடு அவருடையது. ஒண்டிக்கட்டை. "எனக்கு ரெண்டு அடுப்பா வை. கட்டுன காலுக்கு ஒண்ணு, நல்ல காலுக்கு ஒண்ணு."

"வேண்டாம் ஜெயா," என்றாள் பவுனம்மாள். "மாட்டிக்குவோம்."

"உங்களுக்கு வேற வழி தெரியுமாக்கா?"

தெரியவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். படுத்தவுடன் தூங்கியும் போனாள். கல் சுமந்த உடம்பு நியாயம் பேசிக்கொண்டிருக்காது.

விடிந்து பார்த்தால் ஆறு வீட்டிலும் ஆறு அடுப்பு. பீர் முகைதீன் தான் வேலை செய்யும் புரோட்டாக் கடைக்குப் பக்கத்துக் குயவரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருந்தான். புத்தம் புதுசு. செக்கச் செவேல் என்று, கல்யாணப் பெண்ணைப்போல ஒவ்வொரு வீட்டு மூலையிலும் உட்கார்ந்திருந்தது. எடுத்துப் போடுங்கள் என்று பவுனம்மாள் வாய் திறப்பதற்குள் சந்தாவின் குடை வாய்க்கால் பலகையில் தெரிந்தது.

சந்தா முதல் வீட்டில் எட்டிப் பார்த்தாள். இரண்டாவதில் பார்த்தாள். மூன்றாவது ஜெயம்மா வீடு. அடுப்பின் வாய்க்குள் ஜெயம்மாவின் கறுப்புக் கோழி கால் மடக்கி உட்கார்ந்திருந்தது. ஆளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. முட்டை இடுகிற மும்முரம்.

"இன்னைக்குக் காலையில இதுலதான் சோறு வச்சீங்களா, ம ஜெயா?"

"ஆமா... இப்பத்தான் இறக்குனேன்."

"கோழி உள்ள இருக்கும்போதா?"

பரீதா இடுப்புக் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. சந்தா அடுப்பின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். விரல் சிவப்பாகத்தான் வந்தது. ஒரு பொட்டுக் கரி இல்லை.

"அன்னைக்கு எனக்கு நல்ல சோறு போட்டீங்க. அதனாலதான் கத்தாம சொல்றேன். நடிக்கிற வீட்டோட பேரை அடிச்சுடச் சொல்லியிருக்காங்க. இப்போ அந்த ஒரு கட்டும் இல்லை." குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஜெயம்மா கோழியைப் பிடித்து வெளியே எறிந்தாள். அது கூச்சல் போட்டுக்கொண்டு ஓடியது. பவுனம்மாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சந்தாவின் பின்னால் போனாள்.

"எதுக்கு வர்றீங்க?"

"பையைக் குடு. நனையுது."

"டோ பவுன், மனசு மாறமாட்டேன்."

"மாறச் சொல்லலை. சாயங்காலம் ஒரே ஒரு தடவை எங்க அண்டாவைப் பார்க்க வா. அதுவரைக்கும் பை தூக்குறேன்."

"நான் இந்தத் தெரு முழுக்கப் பார்க்கணும்."

"நானும் வர்றேன். எனக்கு இன்னைக்குக் கூலி போனது போனதுதான்."

போகச் சொல்லிப் பார்த்தாள் சந்தா. பவுனம்மாள் போகவில்லை. பகலெல்லாம் மழை விட்டு விட்டுப் பெய்தது. பலகை இல்லாத இடத்தில் பவுனம்மாள் முதலில் இறங்கி ஆழம் பார்த்துக் கை கொடுத்தாள். நாய் வந்தால் துண்டை வீசினாள். சந்தா கேள்வி கேட்க, அவள் வாசலில் குந்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் இதே சேற்றில் நடந்தும் யார் யார் இங்கே இருக்கிறார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வீட்டில் கியாக்தானிலிருந்து வந்த மீன்காரத் தம்பதி. வலை போய்விட்டது, அவர் இப்போது சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறார். ஒரு வீட்டில் ஒரே அறைக்குள் தையல்காரப் பெண்கள், எல்லாரும் வெவ்வேறு ஊர். வயதைக் கேட்டால் தொழிற்சாலைக்குச் சொன்ன வயதா, உண்மை வயதா என்று திருப்பிக் கேட்டார்கள். ஒரு வீட்டில் படித்த வாத்தியார், மூட்டை தூக்குகிறார். டெல்டாவிலிருந்து வந்த ஒருத்தியிடம் குடும்பத்தில் எத்தனை பேர் என்று சந்தா கேட்டபோது, அவள் விரலை மடக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். சந்தா எழுதுகோலை மூடிவிட்டு அவள் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெண்ணை ஏமாற்றக் கூடாது என்பது மட்டும் பவுனம்மாளுக்கு அங்கே உறுதிப்பட்டது. தகரம் கிடைக்காவிட்டாலும் சரி. ஆனால் கிடைக்காமல் விடுவதாகவும் இல்லை.

பொழுது சாய்ந்தபோது சந்தாவே கேட்டாள். "உங்க அண்டாவுல அப்படி என்ன இருக்கு?"

"வந்து பாரு."

வந்தார்கள். அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்து ஈரக் கட்டை, புகை கண்ணைக் கரித்தது. யாரிடமும் எதுவும் சொல்லி வைக்க பவுனம்மாளுக்கு நேரமில்லை. சொல்ல நினைக்கவும் இல்லை. தினம் நடப்பதுதானே நடக்கப் போகிறது.

ஃபெரி பஸ் வந்து போனது. கௌரி இறங்கி வந்து முகம் கழுவினாள். உள்ளே போய்த் தன் வீட்டு அரிசிப் பானையில் பால் டின்னை முக்கி, தலை தட்டி எடுத்து வந்து அண்டாவுக்குப் பக்கத்துச் சொளகில் கொட்டினாள். பிறகு இன்னொரு டின். தங்கள் வீட்டு வாய்க்கு இவ்வளவு. பரீதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தன் டின்னோடு வந்தாள். அவர்கள் வீட்டில் கொஞ்சம் நொய் கலந்த அரிசி. அடுத்த வீட்டார் அரிசி பழசு, மஞ்சளாக இருந்தது. ஜெயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் டின்னைக் கொட்டினாள். கடைசி வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. ஒவ்வொருவரும் டின்னோடு ஒரு கை அரிசியும் சேர்த்துக் கொட்டியதோடு சரி, யாரும் அடுத்தவர் டின்னை எட்டிப் பார்க்கவில்லை.

சந்தா புகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பளமும் இப்படித்தானா?"

"அவங்கவங்க சம்பளம் அவங்கவங்களுது," என்றான் முகைதீன். "பவுனக்காகிட்ட ஒரு சட்டைப் பொத்தான் கடன் வாங்கினாக்கூடத் திருப்பிக் கேக்கும்."

"இவன் இன்னும் தரலை," என்றாள் பவுனம்மாள்.

"அப்போ அரிசி வேற வேற. நெருப்புதான் ஒண்ணு." சந்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நான் அன்னைக்குக் கேட்டதே தப்பு. யார் பொங்குறாங்கன்னு கேட்டேன். யார் அரிசி கொண்டுவர்றாங்கன்னு கேட்டிருக்கணும். சரி. தனித்தனி அரிசின்னு எழுதுறேன். எங்க மேலதிகாரி கேட்டா நான் பார்த்தேன்னு சொல்லிக்கிறேன். திட்டுவார். திட்டட்டும்."

ஜெயம்மா கையெடுத்துக் கும்பிடப் போனாள். சந்தா நிறுத்தினாள். "இருங்க. அந்த வீடு?"

மரியஜோசப்பின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. யார் வருவது? அடிபட்டதிலிருந்து அவருக்கு வேலை இல்லை. அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்தது. ஒவ்வொரு வீட்டாரும் டின்னைத் தலை தட்டிய பிறகு ஒரு கை அள்ளிப் போட்டார்களே, அதுதான் அவர் பங்கு.

ஜெயம்மா சட்டென்று தன் டின்னில் மறுபடி அரிசி எடுத்து, "இதோ, அண்ணனோடது! அவர் குடுத்து வச்சதுதான்," என்று கொட்டக் கை ஓங்கினாள். பவுனம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"விடுங்கக்கா."

"கோழி கதை போதும் ஜெயா."

சந்தா பவுனம்மாளைப் பார்த்தாள். "அரிசி இல்லைன்னா தனிக் குடும்பம்னு எழுத முடியாது. யாரோட சாப்பிடுறாரோ அவங்களோட சேர்க்கலாம்."

"எல்லாரோடயும் சாப்பிடுறாரு."

"ஒரு வீட்டுப் பேருதான் போட முடியும்."

உள்ளிருந்து மரியஜோசப்பின் குரல் வந்தது. "என்னை விட்டுருங்கம்மா. எனக்கு ஒரு கோணி போதும். நான் கட்டாத கூரையா? வானத்தையே பார்த்துப் படுத்தாலும் எனக்குச் சரிவோட வாட்டம் சரியா இருக்கான்னுதான் தோணும்."

யாரும் சிரிக்கவில்லை. பவுனம்மாள் ஒரு கணம்தான் யோசித்தாள்.

"என் வீட்டோட எழுது."

"முறை?" சந்தா தயங்கிக் கேட்டாள். "குடும்பத் தலைவிக்கு அவர் என்ன வேணும்?"

அண்டா தளதளவென்று கொதித்தது. ஜெயம்மா பவுனம்மாளின் காதருகே வந்தாள். "அக்கா, புருஷன் இல்லாத வீடு. கௌரிக்கு வரன் பார்க்கணும். நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும். ஒழுகாத வீட்டுல உட்கார்ந்து கேட்டுக்கிறேன்."

கௌரி பர்மியத்தில் சந்தாவிடம், "அவர் எனக்கு மாமா," என்றாள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"ரத்த உறவா?"

கௌரி வாய் திறப்பதற்குள் பவுனம்மாள் முந்திக்கொண்டாள். "இல்லை. ரத்தமும் இல்லை, கட்டினவரும் இல்லை. கூட வேலை பார்த்தவர். அதை எப்படி எழுதணுமோ எழுதிக்க."

சந்தா தாளில் விரலை ஓட்டினாள். "மற்றவர்னு ஒரு கட்டம் இருக்கு."

"போடு."

"பவுனு!" உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "இந்த லைங் தாயாவுல பாதிச் சுவர் நான் வச்ச கல்லு. நான் ஒரு பொம்பளை வீட்டுல மற்றவரா?"

"ஆமாண்ணே. சோறு வெந்ததும் கொண்டாறேன். அதுவரைக்கும் சத்தம் போடாம மற்றவரா படுத்திருங்க."

இப்போது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சந்தாவும் சிரித்தாள். அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

தகர லாரி அடுத்த வாரம் வந்தது. வரிசைக்கு ஐந்து கட்டு. ஜெயம்மா மழைக்குள் நின்று தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். மற்ற நால்வரும் அவரவர் கூரையை அன்றைக்கே போட்டுக்கொண்டார்கள். பவுனம்மாளுக்குத்தான் கணக்கு உதைத்தது. ஒரு கட்டு, இரண்டு வீடு. ஆளுக்குப் பாதி என்று போட்டால் இரண்டும் ஒழுகும்.

"அவங்க எல்லாரும் ஆளுக்கொரு தகரம் தர்றேங்கிறாங்க," என்றாள் கௌரி.

"அவங்களுக்கே பத்தலை. வேண்டாம்னு சொல்லு." பவுனம்மாள் அரிவாளை எடுத்து, தன் வீட்டுக்கும் மரியஜோசப் வீட்டுக்கும் நடுவில் இருந்த பாய்ச் சுவரின் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். சுவர் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கட்டிலில் படுத்திருந்தவர் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன பண்றே நீ?"

"நடுச் சுவர் இல்லைன்னா தனித்தனி முகடும் வேண்டாம்ல? ரெண்டு முகட்டுக்குப் பதிலா ஒரே சரிவா இறக்கினா எத்தனை தகரம் மிச்சமாகும்? நீங்கதானே கொத்தனார். சொல்லுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கோபம் மெல்ல இறங்கி, வேலைக்காரன் முகம் வந்து உட்கார்ந்தது.

"தெக்கே முழங்கை அளவு குறையும்."

"குறையட்டும். அங்க கோணி போட்டுக்கலாம்."

"வாட்டம் ரொம்பத் தாழ்ந்துரும். நீ நிமிர்ந்து நடந்தா தலை இடிக்கும்."

"சுமந்து சுமந்து குனிஞ்சே நடந்து பழகிடுச்சு."

"ஒரு பலகைத் துண்டைக் கொண்டா," என்றார் கௌரியிடம். "கரிக்கட்டையும். முகைதீனைக் கூப்பிடு, கழி பிடிக்க."

பவுனம்மாள் மேலே ஏறினாள். ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, கையில் சுத்தியலோடு குறுக்குக் கழியில் காலைப் பரப்பி உட்கார்ந்தாள். வடக்கே மேகம் கறுத்துத் திரண்டுகொண்டிருந்தது. கீழே கட்டிலை வெளியே இழுத்துப் போடச் சொல்லி, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த மரியஜோசப் சுள்ளியால் சுட்டிக் காட்டிக் கத்தினார். "ஒரு தகரம் பக்கத்துத் தகரத்து மேல ரெண்டு அலை ஏறணும். ஒரு அலை வச்சா காத்து தூக்கிரும். கேக்குதா?"

அவள் ஆணிகளோடு தலையை ஆட்டினாள்.

"தலையை ஆட்டாதே, விழுந்துருவே. அடி!"

அவள் அடித்தாள்.